வண்டிக்கூலியும் விலைதான்



இம்மாதம் ஒரு கட்டிலைப் பற்றி எழுதப்போகிறேன். குடும்பப் பக்கத்தில் கட்டிலுக்கு என்ன வேலை என்று யாரும் நினைக்க வேண்டாம். ஒரு கட்டில் ஒரு குடும்பத்தைச் சபைக்கு வராமல் நிறுத்தி வைத்திருந்ததை நான் என் கண்ணால் கண்டேன்.

மழைக்காலத்து ஒரு சனிக்கிழமை மாலை. சுள்ளிக்கல் அருகே ஒரு வரிசை வீட்டில் குடியிருக்கும் நம் சபையின் இளம் சகோதரி ஒருத்தி மூன்று வாரமாக உபவாச ஜெபத்துக்கு வரவில்லை. விசாரித்து வரலாம் என்று போனேன். வாசலை அடையும்போது உள்ளே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கதவைத் தட்டினேன். விளக்கு அணைந்தது. பிள்ளை ஏதோ கேட்க, அதன் வாயைப் பொத்துகிற சத்தமும் கேட்டது. மீண்டும் தட்டினேன், பதில் இல்லை. கடைசியில் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்ட பிறகே தாழ்ப்பாள் நீங்கியது. "பாஸ்டரம்மா, நீங்களா? தவணைக்காரர் என்று நினைத்துவிட்டேன்" என்று சொல்லி, தலைகுனிந்து நின்றாள்.

நடந்தது இதுதான். தென்காசிப் பக்கத்திலிருந்து மூன்று பைகளோடும் ஓர் அடுப்போடும் வந்த குடும்பம். கணவனுக்குக் கட்டட வேலை. கொச்சியில் ஜூன் மாதம் தொடங்கினால் தரை வியர்க்கும் என்பது இங்கே வாழ்கிறவர்களுக்குத் தெரியும். பாய் விரித்துப் படுத்தால் காலையில் பாயின் அடிப்பக்கம் நனைந்திருக்கும். இளைய பிள்ளைக்கு இழுப்பு வந்துவிட்டது. கட்டில் வேண்டும் என்று இருவரும் தோப்பும்படிக்குப் போய் விசாரித்தார்கள். இரும்புக் கட்டில் ஒன்று 5,500 ரூபாய். அதை வீட்டுக்குக் கொண்டுவரப் பெட்டி ஆட்டோக்காரர் 400 ரூபாய் கேட்டார். நடந்தே போய்விடக்கூடிய தூரத்துக்கு 400 ரூபாயா என்று அவளுக்கு மனம் ஒப்பவில்லை. கையில் முழுப் பணமும் இல்லை. திரும்பிவிட்டார்கள்.

அடுத்த வாரம் தவணை வியாபாரி ஒருவர் அதேபோன்ற கட்டிலைத் தம்முடைய வண்டியில் ஏற்றிக்கொண்டு வாசலிலேயே வந்து நின்றார். முன்பணம் வேண்டாம், வண்டிக்கூலி வேண்டாம், வாரம் 300 ரூபாய் போதும் என்றார். எத்தனை வாரம் என்று அவள் கேட்டாள். 32 வாரம் என்றார். பெருக்கிப் பார்க்க அந்த நேரத்தில் யாருக்குத் தோன்றும்? பிள்ளை கட்டிலில் ஏறிக் குதித்துக்கொண்டிருந்ததாம். பின்பு மழையினால் வேலை நின்றது. இரண்டு தவணை தவறியது. அதை அடைக்கப் பக்கத்துத் தெருவில் நூற்றுக்கு மாதம் பத்து ரூபாய் வட்டிக்கு 2,000 ரூபாய் வாங்கினார்கள். தவணைக்காரர் வருகிற நேரம் சனிக்கிழமை மாலை. உபவாச ஜெபமும் சனிக்கிழமை மாலை. விளக்கை அணைத்துவிட்டு உள்ளே இருப்பதே அவளுக்குத் தெரிந்த வழியாயிற்று.

என் பையில் இருந்த கைப்பிரதி ஒன்றின் பின்புறத்தில் நாங்கள் இருவருமாய்க் கணக்குப் போட்டோம். கட்டில் 5,500, வண்டிக்கூலி 400, ஆக 5,900. வாசலில் வாங்கியது 300 பெருக்கல் 32, ஆக 9,600. வித்தியாசம் 3,700 ரூபாய். நானூறு ரூபாய்க்கு அஞ்சினவள் மூவாயிரத்து எழுநூறு கொடுத்துக்கொண்டிருந்தாள். எழுதி முடித்ததும் அவள் அந்தத் தாளையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தத் தவணை வியாபாரியைத் தூஷிப்பதற்காக நான் இதை எழுதவில்லை. அவரும் நம்மைப்போலப் பிழைக்க வந்த தமிழர்தான். சாமானைச் சுமந்து வருவதும், வாரந்தோறும் அலைவதும், சிலர் கொடாமல் ஓடிப்போவதும் அவருக்கு நஷ்டம். அவையெல்லாம் அந்த 9,600 ரூபாய்க்குள் இருக்கின்றன. நான் சொல்ல வருவது வேறு. வாகனம் இல்லாத வீட்டுக்கு ஒரு பொருளின் விலை என்பது கடைக்காரர் சொல்லும் விலை மட்டுமல்ல; அது நம் வீட்டு வாசற்படியைத் தாண்டி உள்ளே வருகிறவரைக்கும் ஆகிற செலவெல்லாம் சேர்ந்ததே விலை. அதை நாமே எண்ணிக் கொடுக்காவிட்டால், எண்ணாமலே கொடுப்போம். கோபுரம் கட்ட மனதானவன் முதலில் உட்கார்ந்து செல்லுஞ்செலவைக் கணக்குப் பார்ப்பதைப் பற்றி ஆண்டவர் பேசியிருக்கிறார் (லூக். 14:28). கட்டிலுக்கும் அது பொருந்தும்.

அன்று ஜெபிப்பதற்கு முன் இராஜாக்களின் இரண்டாம் புத்தகம் நான்காம் அதிகாரத்தை வாசித்தோம். வீட்டுச் சாமான்களின் அதிகாரம் என்றே நான் அதைச் சொல்லுவேன். முதலில் கடன்காரன் வாசலில் நிற்கிற ஒரு விதவையின் வீடு. அவள் அயல்வீடுகளில் வெறும்பாத்திரங்களை இரவல் வாங்குகிறாள். அடுத்து சூனேம் ஊரின் ஸ்திரீ தீர்க்கதரிசிக்கென்று மேல்வீட்டில் ஒரு சிறிய அறையைக் கட்டி, அதில் கட்டில், மேஜை, நாற்காலி, குத்துவிளக்கு என்று நான்கே சாமான்களை வைக்கிறாள் (வச. 10). முடிவில் பஞ்சகாலத்தில் பலபேருக்கும் ஒரே பெரிய பானையில் கூழ் காய்ச்சுகிறார்கள். ஒருத்தி ஐசுவரியமுள்ளவள், ஒருத்தி கடன்பட்டவள். இருவர் வீட்டிலும் தேவன் கிரியை செய்தார். கடன்பட்டவளுக்குத் தேவமனிதன் முதலாவது சொன்னது அயலகத்தாரிடத்தில் போய்க் கேள் என்பதே. நம் சகோதரியோ அந்த ஒன்றைத்தான் செய்யவில்லை. சபையில் ஒருவரிடத்திலும் வாய் திறக்கவில்லை.

சரி, மட்டாஞ்சேரியில் வாகனம் இல்லாமல் சாமான் வாங்குவது எப்படி? இங்கே இருபது ஆண்டுகளாய்க் கைப்பையோடு நடக்கிறவள் என்ற முறையில் சிலவற்றைச் சொல்லுகிறேன்.

முதலாவது, இந்த ஊரின் அங்காடியே மோட்டார் வண்டியை நம்பி உண்டானதல்ல. டச்சுக் கொட்டாரம் என்று அழைக்கப்படும் அரண்மனையைப் போர்த்துகீசியர் 1555-ல் கட்டினார்கள். அருகே யூதர்களின் பரதேசி ஜெபாலயம் 1568-ல் எழுந்தது. இவற்றை ஒட்டிக் காயலின் கரையோரமாய் நீளுகிறது பஜார் ரோடு. அங்குள்ள பழைய பண்டகசாலைகளின் முன்வாசல் தெருவைப் பார்த்திருக்கும், பின்வாசல் தண்ணீரைப் பார்த்திருக்கும். வள்ளங்களில் வந்த அரிசியும் மிளகும் பின்வாசல் வழியாய் ஏறி, முன்வாசல் வழியாய்க் கைவண்டிக்கு இறங்கின. ராபர்ட் பிரிஸ்டோ என்னும் பொறியாளரின் மேற்பார்வையில் வில்லிங்டன் தீவும் புதிய துறைமுகமும் உண்டானபோதும், 2011-ல் வல்லார்பாடத்துக் கன்டெய்னர் முனையம் திறக்கப்பட்டபோதும், பெருவணிகம் வேறு இடங்களுக்கு நகர்ந்தது. ஆயினும் அரிசி, வெங்காயம், மசாலாப் பொருட்களின் மொத்தக் கடைகள் பஜார் ரோட்டில் இன்னும் இருக்கின்றன. குணசாலியான ஸ்திரீயை வேதம் தூரத்திலிருந்து ஆகாரம் கொண்டுவரும் வியாபாரக் கப்பலுக்கு ஒப்பிடுகிறது (நீதி. 31:14). அந்தக் கப்பல்கள் வந்து நின்ற துறைக்கு எதிரே குடியிருந்துகொண்டு, மூலைக்கடையில் கால் கிலோவாக வாங்கி இரட்டிப்பு விலை கொடுக்கிறோம்!

மொத்தக் கடையில் ஒரு தனி வீட்டுக்கு இடமில்லை, மூட்டையாய்த்தான் தருவார்கள் என்பது உண்மை. ஆகையால் நான்கு வீடாய்ச் சேர்ந்து போங்கள். ஒரு மூட்டை பொன்னி அரிசியை ஒரே வண்டியில் ஏற்றி வந்து, ஒரு வீட்டுத் திண்ணையில் நிறுத்துப் பங்கிட்டுக்கொண்டால், கடைக்காரரின் சில்லறை லாபமும் மிச்சம், நான்கு நடையும் மிச்சம். மூட்டைகளில் 26 கிலோ என்று ஒரு விநோதக் கணக்கைக் காண்பீர்கள். 2022 ஜூலை 18 முதல், முன்கூட்டியே பொதிந்து பெயரிட்ட உணவு தானியங்களில் 25 கிலோ வரையிலான பொதிகளுக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. விதிக்கப்பட்டது, அதற்குப் பிறகு ஒரு கிலோவைக் கூட்டிக் கட்டின மூட்டைகள் கடைகளில் பெருகின. வரி போடுகிறவருக்கும் வியாபாரிக்கும் நடுவே நாம் அந்த ஒரு கிலோவைச் சுமக்கிறோம். பங்கிடும்போது தராசு சரியாயிருக்கட்டும். விசுவாசிகளுக்குள்ளே அரைக்கிலோவுக்காக மனஸ்தாபம் வந்த கதைகளும் எனக்குத் தெரியும்.

இங்கே பாஷையைப் பற்றி ஒரு வார்த்தை. மலையாளமும் தமிழும் அக்கா தங்கைதான். ஆனாலும் கடை வாசலில் அவை நம்மை ஏமாற்றும். நான் வந்த புதிதில் ஒரு பிளாஸ்டிக் கடையில் நின்று, விலையை மனதில் வைத்து, "குறைச்சுத் தாங்க, குறைச்சுத் தாங்க" என்று மன்றாடினேன். மலையாளத்தில் 'குறச்சு' என்றால் 'கொஞ்சம்'. கடைக்காரர் நான் கேட்ட ஆறு டப்பாவில் இரண்டை எடுத்து உள்ளே வைத்துவிட்டார். 'வில' என்ற சொல்லை முன்னே போட்டு, "வில குறச்சு தரு" என்று கேட்க வேண்டும் என்பதை அப்புறம் கற்றுக்கொண்டேன். வெள்ளம் என்றால் தண்ணீர். சூல் என்றால் துடைப்பம். பிச்சாத்தி என்றால் கத்தி. சவாள என்றால் பெரிய வெங்காயம். இந்தப் பத்துப் பதினைந்து சொற்களைப் பிள்ளைகளிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்குப் போகிற பிள்ளைகள் நமக்கு முன்னே மலையாளிகளாகிவிடுகிறார்கள்.

பாத்திரம், துணி, குடை, பிளாஸ்டிக் சாமான்களுக்கு அக்கரைக்குப் போவதே லாபம். எர்ணாகுளம் பிராட்வேயும் அதை ஒட்டின துணிக்கடைத் தெருக்களும் கால்நடையாய்ப் போகிறவர்களுக்கென்றே உண்டானவை போலிருக்கும். அங்கே கார் வைத்திருக்கிறவர்தான் வண்டியை நிறுத்த இடமின்றித் திண்டாடுவார். அருகே எர்ணாகுளம் மார்க்கெட்டுக்கும் 2024 டிசம்பரில் புதிய கட்டடம் திறக்கப்பட்டது. போகும் வழி பலவாறு. ஃபோர்ட் கொச்சியின் கஸ்டம்ஸ் ஜெட்டியிலிருந்து அரசு நீர்ப்போக்குவரத்துத் துறையின் படகு எர்ணாகுளம் ஜெட்டிக்குப் போகிறது. எல்லாவற்றிலும் மலிவான வழி அது. 2023 ஏப்ரலில் தொடங்கிய வாட்டர் மெட்ரோ 2024-ல் ஃபோர்ட் கொச்சிக்கும், 2025 அக்டோபரில் மட்டாஞ்சேரிக்கும் வந்தது. உயர்நீதிமன்றத் துறையில் இறங்கினால் பிராட்வே நடக்கிற தூரம்தான். குளிர்ந்த காற்று, சுத்தமான இருக்கை. கட்டணம் அரசுப் படகைவிடக் கூடுதல். பேருந்தோ தோப்பும்படிப் பாலத்தைச் சுற்றிக்கொண்டு போகும். 2022 மே மாதம் அதன் குறைந்தபட்சக் கட்டணம் 10 ரூபாய் ஆக்கப்பட்டது. தமிழ்நாட்டில் 2021 மே மாதம் முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் போய்ப் பழகிவிட்டார்கள். ஊரிலிருந்து புதிதாய் வருகிற சகோதரிகள் இங்கே தனியார் பேருந்தில் ஏறி நடத்துனரைப் புன்னகையோடு பார்த்து நிற்பதை நான் கண்டிருக்கிறேன்.

என் வழக்கம் ஒன்று உண்டு. போகும்போது பேருந்து, திரும்பும்போது படகு. கை காலியாயிருக்கும்போது நெரிசலைத் தாங்கலாம். கையில் சுமை இருக்கும்போது வாளியைக் காலடியில் வைத்துக்கொள்ள இடம் வேண்டும். இரண்டு கைக்கு இரண்டு கட்டைப்பை, தோளுக்கு ஒன்று. அதற்குமேல் ஆசைப்பட்டால் மூன்றாவது பையில் இருக்கிற கண்ணாடி டம்ளர் வீடு வந்து சேராது. பை நம்முடையதாய் இருக்கட்டும். 2020 ஜனவரி 1 முதல் கேரளத்தில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்தது. வெறுங்கையோடு போகிறவர் ஒவ்வொரு கடையிலும் ஒரு பை விலைக்கு வாங்கி, வீட்டில் பைகளையே ஒரு சாமானாய்ச் சேர்த்து வைப்பார்.

எவர்சில்வர் பாத்திரத்தை எடைக்கு விற்கிற கடையில் வாங்குவது நல்லது. ஒன்றுக்கு இவ்வளவு என்று சொல்லுகிற இடத்தில் பாத்திரம் மெலிந்துகொண்டே போகும். ஓரத்தை விரலால் அழுத்திப் பாருங்கள். மூடியைச் சேர்த்து நிறுக்கிறார்களா என்று கேளுங்கள். அடி சமமாய் உட்காருகிறதா என்று மேஜைமேல் வைத்துச் சுழற்றிப் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சமையலறைப் பாத்திரங்களின் ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாய்க் குறைக்கப்பட்டது. ரசீது கேட்டு வாங்கினால் அந்தக் குறைவு நமக்குக் கிடைத்ததா என்று தெரியும். ஜூ டவுனில் வெளிநாட்டார் பார்ப்பதற்காக அடுக்கி வைத்திருக்கிற உருளியையும் செப்புக்குடத்தையும் பார்த்து அங்கே விலை கேட்க வேண்டாம். ஒரு சகோதரி பருப்பு கடைய ஒரு சிறிய பித்தளைச் சட்டியை அங்கே கேட்டுவிட்டு, கடைக்காரர் சொன்ன தொகையைக் கேட்டு ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டே வெளியே வந்தாள்.

ஒரு காரியத்தில் மலிவைத் தேடவே கூடாது. அது பிரஷர் குக்கர். 2020-ல் மத்திய அரசு வீட்டு உபயோகக் குக்கர்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையைக் கட்டாயமாக்கியது. முத்திரை இல்லாத குக்கர்களை விற்க இடமளித்ததற்காகப் பெரிய இணைய வணிக நிறுவனங்களுக்கே 2022-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அபராதம் விதித்தது. நடைபாதையில் பாதி விலைக்குப் பளபளவென்று இருக்கிறதே என்று வாங்கி வந்தால், அது அடுப்பின்மேல் உட்காரும். அதற்கு எதிரே நம் பிள்ளை உட்காரும். வேறு எதையாவது குறைத்துக்கொள்ளுங்கள். நாற்காலி பழையதாய் இருக்கலாம், மேஜை பழையதாய் இருக்கலாம். மட்டாஞ்சேரியின் பழைய மரச்சாமான் கடைகளில் கால் ஆடுகிற மேஜையை வாங்கி, தச்சு வேலை தெரிந்த சகோதரரிடம் கொடுத்து ஆப்பு வைத்துக்கொண்டால் அது நம் காலத்துக்கும் நிற்கும். மெத்தையைப் பழையதாய் வாங்காதீர்கள். மூட்டைப்பூச்சி இலவசமாய்க் கூடவே வரும்.

இனிப் பெரிய சாமான்களுக்கு வருவோம். கட்டில், அலமாரி, கிரைண்டர் போன்றவை. இவைகளைத் தலைச்சுமையாயும் பேருந்திலும் கொண்டுவர முடியாது. பெட்டி ஆட்டோதான் வழி. கடைக்குள் நுழைவதற்கு முன்னே வெளியே நிற்கிற இரண்டு வண்டிக்காரரிடம் கூலியைப் பேசிவிடுங்கள். வாங்கி முடித்து, கட்டில் நடைபாதையில் நிற்கும்போது பேசினால் பேரம் நம் கையில் இல்லை. கடைக்காரரிடமும் கொண்டுவந்து சேர்ப்பீர்களா என்று கேளுங்கள். அண்ணன் தம்பி இரண்டு குடும்பம் ஒரே நாளில் வாங்கினால் கூலி பாதியாகும். ஒரே வண்டியில் ஒரு வீட்டுக் கட்டிலும், அதன்மேல் இன்னொரு வீட்டு அலமாரியும், அதன் உள்ளே மூன்றாம் வீட்டு வாளிகளும் வந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

சாமான் இறக்கும்போது யாராவது வந்து நின்று, தொடாமலே கூலி கேட்டால் பயப்பட வேண்டாம். நோக்குகூலி என்று அதற்குப் பெயர். பார்த்துக்கொண்டு நின்றதற்குக் கூலி. 2018 மே 1 முதல் கேரள அரசு அதை ஒழித்தது. ஒருவர் தம் வீட்டு உபயோகத்துக்காக அமர்த்திக்கொள்ளுகிற ஆளை 1978-ஆம் ஆண்டின் சுமைத்தொழிலாளர் சட்டமும் தன் வரையறைக்குள் கொண்டுவரவில்லை. நம் கட்டிலை நாமே இறக்கலாம், நம் சபைச் சகோதரர்கள் கைகொடுக்கலாம். அதேசமயம் உண்மையாய்ச் சுமந்து தருகிற தொழிலாளிக்குப் பேசின கூலியைக் குறைக்காமல் அன்றே கொடுத்துவிடுங்கள். கூலிக்காரனின் கூலி விடியற்காலமட்டும் நம்மிடத்தில் தங்கலாகாது என்பது நியாயப்பிரமாணத்தின் கற்பனை (லேவி. 19:13), நம் கணவர்மாரும் கூலிக்காரர்கள்தானே.

எந்த நாளில் கடைக்குப் போவது என்பது நம்மில் பலருக்கு வேதனையான கேள்வி. கட்டட வேலைக்குப் போகிறவருக்கு விடுமுறை ஞாயிறு ஒன்றுதான். ஞாயிறு ஆராதனைக்குப் பின்பு கடைக்குப் போகலாமா என்று கடிதம் எழுதினவர்கள் உண்டு. அதைப் போதகர்மாரின் தீர்ப்புக்கு விட்டுவிடுகிறேன். அனுபவத்தில் கண்டதை மட்டும் சொல்லுவேன். ஞாயிறன்று இங்கே பெரும்பாலான கடைகள் பூட்டியிருக்கும், நடைபாதைக் கடையே திறந்திருக்கும்; ஆராதனையை அரைகுறையாய் விட்டு ஓடினவர் நல்ல சாமானும் வாங்கி வந்ததில்லை. மழையினால் வேலை நின்ற நாள் ஒன்று மாதத்தில் வரத்தான் செய்கிறது. அந்த நாளுக்கென்று பட்டியலை எழுதிச் சுவரில் ஒட்டி வையுங்கள். பட்டியல் சுவரில் ஒரு மாதம் இருந்தால் பாதிச் சாமான் தானாகவே தேவையற்றதாகிவிடும். ஆடித் தள்ளுபடியை நினைத்து ஊர்ப்பக்கம் ஏங்க வேண்டாம். இங்கே ஓணத்துக்கு முன்பு விலை குறைப்பார்கள்.

அரிசிக்கும் அடுப்புக்கும் சுருக்கமாய் இரண்டு காரியம். தமிழ்நாட்டு ரேஷன் அட்டையை இங்கே எதற்கு என்று பெட்டியின் அடியில் போட்டு வைத்திருக்கிறவர்கள் அதை எடுத்துப் பாருங்கள். ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் தமிழ்நாடு 2020 அக்டோபர் 1-ல் சேர்ந்தது. முன்னுரிமை அட்டையும் அந்தியோதயா அட்டையும் உள்ளவர்கள் விரல்ரேகை வைத்து, மத்திய அரசின் தானியத்தை இங்குள்ள ரேஷன் கடையிலேயே பெறலாம். முன்னுரிமையற்ற அட்டைக்கு அது கிடையாது. ஊர்க் கடையில் கிடைக்கும் பருப்பும் பாமாயிலும் இங்கே கிடைக்காது. அடுத்தது, முகவரிச் சான்று இல்லாததால் எரிவாயு இணைப்புப் பெறமுடியாதவர்களுக்கு 5 கிலோ சிறிய சிலிண்டர் உண்டு. 2013-ல் தொடங்கின இந்த விற்பனையில் அடையாளச் சான்று காட்டினாலே போதும். ஒரு கையில் தூக்கி வந்துவிடலாம். மானியம் இல்லாத விலைதான். அடுப்புக்காகத் தெருவில் சட்டவிரோதமாய் வாயு நிரப்பித் தருகிறவர்களிடம் போகாதீர்கள்.

மீண்டும் தவணைக்கு வருகிறேன். 2014 மே மாதம் கேரளக் காவல்துறை 'ஆபரேஷன் குபேரா' என்ற பெயரில் கந்துவட்டிக்காரர்களுக்கு விரோதமாய் மாநிலமெங்கும் சோதனை நடத்தியது. அதற்குப் பின்பும் தேவை நின்றுபோகவில்லை. ஆகையால் கொடுக்கிறவர்களும் நின்றுபோகவில்லை. இப்போது தவணைக்காரர் வாசலுக்கு வரவேண்டியதும் இல்லை, கைப்பேசிக்குள்ளேயே குடியிருக்கிறார். இன்று வாங்கு, பிறகு செலுத்து என்று அது நம்மைக் கூப்பிடுகிறது. சாமானும் வீட்டு வாசலுக்கே வந்துவிடுவதால் வாகனமில்லாத நமக்கு அது பெரிய சகாயமாய்த் தோன்றும். முழுப் பணத்தையும் செலுத்தி வாங்குகிறவருக்கு அது சகாயம்தான், நானும் வாங்குகிறேன். தவணையாய் வாங்குகிறவர் மட்டும் மாதத் தொகையைப் பார்க்காமல், மாதங்களால் பெருக்கி ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். எழுதின பிறகும் வேண்டும் என்று தோன்றினால் கணவன் மனைவி இருவருமாய் முழங்காற்படியிட்டு, அப்புறம் முடிவு செய்யுங்கள்.

நம் சகோதரியின் காரியம் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். சபைச் சகோதரிகள் சேர்ந்து 2,000 ரூபாயை வட்டியில்லாமல் கைமாற்றாகக் கொடுத்தோம். வட்டிக்காரரை அதனால் அடைத்தாள். தவணை வியாபாரிக்கு 32 வாரத்தையும் அவளே செலுத்தி முடித்தாள். பேசின விலை அதிகம் என்று பின்னால் தெரிந்தது என்பதற்காக, கொடுத்த வாக்கை மீற நமக்கு அனுமதியில்லை; அதில் அவள் என்னைவிட உறுதியாயிருந்தாள். அவளுடைய கணவர் வியாபாரியிடம் பேசி, வசூல் நாளைச் சனிக்கிழமையிலிருந்து வெள்ளிக்கு மாற்றிக்கொண்டார். இவ்வளவு எளிதாய் மாறக்கூடியதற்காகவா மூன்று வாரம் இருட்டில் உட்கார்ந்திருந்தோம் என்று அவளே சிரித்தாள்.

அதற்குப் பிறகு எங்கள் சபையில் ஒரு மரப்பெட்டி வைத்திருக்கிறோம். ஊருக்குத் திரும்பிப் போகிறவர்கள், வீடு மாறுகிறவர்கள் தங்களுக்கு மிஞ்சின பாத்திரங்களை அதில் போடுவார்கள். புதிதாய் வருகிற குடும்பம் எடுத்துக்கொண்டு, தங்களுக்கென்று வாங்கினபின் திரும்ப வைக்கும். மூடியில்லாத பானைகளும், பானையில்லாத மூடிகளும் ஏராளம். இரண்டு கயிற்றுக்கட்டில்களும் உண்டு. ஆராதனை மண்டபத்தின் பின்சுவரில் சாத்தி வைத்திருக்கிறோம். மழைக்காலத்தில் அவை அங்கே இருப்பதேயில்லை.

கடந்த பிப்ரவரியில் அந்தச் சகோதரியின் குடும்பம் பாண்டிக்குடிப் பக்கம் சற்றுப் பெரிய வீட்டுக்கு மாறியது. வண்டிக்காரர் இருவரிடம் அவளே கூலி பேசினாள். பக்கத்து வீட்டாரின் தையல் இயந்திரமும் அதே தெருவுக்குப் போக வேண்டியிருந்ததால், இரண்டு வீடும் ஒரே வண்டியில் ஏற்றினார்கள். அவள் பங்குக்கு 200 ரூபாய் ஆயிற்று. நான் போயிருந்தபோது வரவுசெலவு நோட்டைக் காட்டினாள். 'கட்டில்' என்று தலைப்பிட்ட பக்கத்தில், 9,600-க்குக் கீழே, அந்த 200-ஐயும் எழுதி வைத்திருந்தாள்.